‘வேர்’ பிடுங்கிய வாக்கியங்கள்

பகலில் இயந்திரங்களுக்கான பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் வேலை. இரவில் தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன். ஆங்கில வாக்கியத்தைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இரவு வேலையில் அடிபட்டுக் கற்றது. அப்சல்யூட் ஃபிரேஸ் என்ற சங்கதியும் அப்படித்தான் பிடிபட்டது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விவகாரத்தில் பாதி காதில்தான் இருக்கிறது.

ஒரு கதையில் இப்படி ஒரு வரி வந்தது: “கைகள் நடுங்க அவள் கடிதத்தைப் பிரித்தாள்.” தமிழில் படிக்கிறவர் யாரும் இதில் ஒரு நொடி நிற்க மாட்டார். அவ்வளவு இயல்பான வாக்கியம். ஆங்கிலத்தில் நான் முதலில் எழுதியது:

“ஹெர் ஹேண்ட்ஸ் வேர் ஷேக்கிங், ஷீ ஓபன்ட் தி லெட்டர்.”

இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் அது ‘கமா ஸ்ப்ளைஸ்’ என்ற பிழை. அது தெரியும் என்பதால் ‘ஆஸ்’ சேர்த்துப் பார்த்தேன். “ஆஸ் ஹெர் ஹேண்ட்ஸ் வேர் ஷேக்கிங், ஷீ ஓபன்ட் தி லெட்டர்.” கை நடுங்கியதால்தான் கடிதத்தைப் பிரித்தாள் என்பதுபோல் ஆகிவிட்டது. கடைசியில் ‘வித்’தைப் பிடித்தேன். “வித் ஷேக்கிங் ஹேண்ட்ஸ், ஷீ ஓபன்ட் தி லெட்டர்.” பிழை இல்லை, பொருளும் சரி. நிம்மதியாக அடுத்த வரிக்குப் போனால் அங்கே ‘கண்கள் கலங்க’. அதற்கு அடுத்த பத்தியில் ‘தலைமுடி காற்றில் பறக்க’. அப்புறம் ‘குரல் கம்ம’. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ‘வித்’.

மூன்று வாரம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. முதல் இரண்டு பக்கங்களில் மட்டும் பன்னிரண்டு ‘வித்’களை எடிட்டர் வட்டம் போட்டிருந்தார். எதையும் திருத்தவில்லை, வட்டம் மட்டும். ஆனால் நாலாம் பக்கத்தில், நான் அசந்துபோய் அந்தக் கமா ஸ்ப்ளைஸை அப்படியே விட்டுவைத்திருந்த ஓர் இடத்தில், ‘வேர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்திருந்தார்.

“ஹெர் ஹேண்ட்ஸ் ஷேக்கிங், ஷீ ஓபன்ட் தி லெட்டர்.”

ஓரத்தில் ‘அப்சல்யூட்’ என்று ஒரு சொல். அவ்வளவுதான். வேரைப் பிடுங்கினால் மரம் சாயும். இங்கே வேரைப் பிடுங்கியதும் வாக்கியம் நிமிர்ந்துவிட்டது.

எனக்கு இது புதிதும் இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. பள்ளியில் ‘நாமினேட்டிவ் அப்சல்யூட்’ என்று படித்திருந்தேன். காம்பவுண்ட் வாக்கியத்தைச் சிம்பிள் வாக்கியமாக மாற்றும் தேர்வுக் கேள்விக்கான உபாயம் அது. “தி ரெயின் ஸ்டாப்ட் அண்ட் வீ வென்ட் அவுட்” என்று கொடுப்பார்கள்; “தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வீ வென்ட் அவுட்” என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த ‘ஹேவிங்’கைப் பார்த்தே இது கோட்டு சூட்டு போட்ட ஆங்கிலம், நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டேன். ‘ஹேவிங்’ இல்லாத, சின்னச் சின்ன அப்சல்யூட்கள்தான் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன என்பதை அப்போது யாரும் காட்டித்தரவில்லை. நானும் படிக்கும்போது கவனிக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெயர்ச்சொல், அதைப் பற்றி ஒரு செய்தி, ஆனால் வினைமுற்று கிடையாது. அந்தத் துண்டு ஒரு முழு வாக்கியத்தின் பக்கத்தில் கமா போட்டு நிற்கும். பிரதான வாக்கியத்தின் எழுவாய் ஒன்று, இந்தத் துண்டின் எழுவாய் வேறொன்று. லத்தீனில் ‘அப்சொலூட்டஸ்’ என்றால் அவிழ்த்துவிடப்பட்டது. பிரதான வாக்கியத்தின் எந்த ஒரு சொல்லோடும் கட்டப்படாமல், வாக்கியம் முழுவதற்கும் அருகில் நிற்பதால் அந்தப் பெயர். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றிலும் இந்த அமைப்பு உண்டு. அங்கே வேற்றுமை உருபு அடையாளம் காட்டிவிடும். இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லாததால், கமாவும் வினைமுற்று இல்லாத வெறுமையும்தான் அடையாளம்.

எடிட்டர் செய்ததையே தலைகீழாகச் செய்தால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. துண்டுக்குள் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ ஒன்றைச் செருகிப் பாருங்கள். முழு வாக்கியம் ஆகிறதா? அப்படியானால் அது அப்சல்யூட். “ஹெர் ஆர்ம்ஸ் ஃபோல்டட்”, “ஹிஸ் ஃபேஸ் பேல்”, “ஹிஸ் ஹேண்ட்ஸ் இன் ஹிஸ் பாக்கெட்ஸ்”, “ஹெர் வாய்ஸ் எ விஸ்பர்” எல்லாம் தேறும். ‘ஷேக்கிங்’, ‘ஃபோல்டட்’ போன்ற வினை வடிவமான பார்ட்டிசிப்பிள்தான் வர வேண்டும் என்று இல்லை, பெயரடை வரலாம், இடத்தைக் காட்டும் சொல் வரலாம், இன்னொரு பெயர்ச்சொல்லே வரலாம் என்பதையும் இந்தச் சோதனைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ‘ஹேவிங்’ வகைக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு ‘ஹேட்’ போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றைப் பற்றி. ‘கைகள் நடுங்க’ என்று தமிழில் மூச்சுவிடுவதுபோல் எழுதுகிறவனுக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு திண்டாட்டம்? பழைய இலக்கணத்தைப் புரட்டியபோது பதில் அங்கேயே இருந்தது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் வினையெச்சங்களை வாய்பாடு போட்டுப் பிரிக்கிறார். ‘செய்து’ போன்ற சில வாய்பாடுகள் தன் வினைமுதலையே கொண்டு முடியும். ‘செய’ போன்றவை பிற எழுவாயையும் ஏற்கும். “அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்தாள்” என்றால் பிரித்தவளும் படித்தவளும் ஒருத்தி. “கைகள் நடுங்க அவள் படித்தாள்” என்றால் நடுங்குவது கை, படிப்பது அவள். ஆங்கிலத்தின் சாதாரண பார்ட்டிசிப்பிள் ஃபிரேஸ் நம் ‘செய்து’. அப்சல்யூட் ஃபிரேஸ் நம் ‘செய’.

இது தெரிந்ததும் இன்னொரு பழைய தலைவலியும் தீர்ந்தது. “ஓபனிங் தி லெட்டர், ஹெர் ஹேண்ட்ஸ் ஷுக்” என்று எழுதினால் தொங்கும் பார்ட்டிசிப்பிள் என்று திட்டு விழும். கடிதத்தைக் கைகளே பிரித்தன என்று பொருள்படுகிறது. விதியை மனப்பாடம் செய்தும் இந்தப் பிழை என் கண்ணில் படவே படாது. இப்போது தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்: “கடிதத்தைப் பிரித்து, கைகள் நடுங்கின.” காது உடனே முறைக்கிறது.

நன்னூலில் இன்னொரு விதி இதைவிட ருசியானது. சினையின், அதாவது உறுப்பின், வினை அந்தச் சினையோடும் முடியும், அதை உடைய முழுமையான முதலோடும் முடியும் என்கிறது அது. “சாத்தன் கால் ஒடிந்து விழுந்தான்” என்பது உரைகாரர்கள் தரும் வகையிலான எடுத்துக்காட்டு. ஒடிந்தது கால், விழுந்தது சாத்தன். கால் சாத்தனுடைய உறுப்பு என்பதால் ‘ஒடிந்து’ என்பது சாத்தனோடு போய் முடிவதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலம் இந்தச் சலுகையைத் தராது. “பிரேக்கிங் எ லெக், ஹீ ஃபெல்” என்றால் வேறு கதை. ஆனால் முழுமைக்குப் பக்கத்தில் அதன் உறுப்பை வைப்பது என்ற அந்த யோசனை இருக்கிறதே, அதுதான் நல்ல அப்சல்யூட் ஃபிரேஸின் உயிர். ஆள் பிரதான வாக்கியத்தில், கை, கண், குரல், சட்டைக் கை துண்டில். முதலும் சினையும்.

ஆனால் ‘செய’ வந்த இடமெல்லாம் அப்சல்யூட் போடலாம் என்று கிளம்பியதில் நன்றாக மாட்டிக்கொண்டேன். ‘செய’ தமிழில் பல வேலை பார்க்கும் சொல். “உண்ண வந்தான்” என்றால் நோக்கம்; ஆங்கிலத்தில் அது வெறும் ‘டு ஈட்’. “மழை பெய்யக் குளம் நிறைந்தது” என்றால் காரணம். அதை அப்சல்யூட் ஆக்கினால் காரணம் மங்கிப்போகும். “ஞாயிறு பட வந்தான்” என்பது நேரம். “தி சன் ஹேவிங் செட், ஹீ கேம்” என்று எழுதி, நானே சிரித்துவிட்டு, ‘அட் சன்செட்’ என்று மாற்றினேன். ஒரே கணத்தில், ஒரே காட்சிக்குள், பக்கத்தில் நடக்கிற ஒன்றைக் காட்டும் ‘செய’ மட்டும்தான் அப்சல்யூட்டுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. மற்றவற்றுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் தடுமாற்றம். தமிழில் எச்சம் முன்னால்தான் வரும், அதனால் நானும் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் முன்னால் வைத்தேன். ஆங்கிலக் கதைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாலில் இருக்கிறது: “ஷீ ஓபன்ட் தி லெட்டர், ஹெர் ஹேண்ட்ஸ் ஷேக்கிங்.” முதலில் செயல், அப்புறம் கண் மெதுவாகக் கைக்கு இறங்குகிறது. 1960களில் பிரான்சிஸ் கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைத்தான் வற்புறுத்தினார். பிரதான வாக்கியத்தை முதலில் சொல்லிவிட்டுத் துண்டுகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும் அமைப்புக்கு ‘கியூமுலேட்டிவ்’ வாக்கியம் என்று பெயர் வைத்து, மாணவர்களுக்கு அதையே பயிற்சியாகக் கொடுக்கச் சொன்னார்.

முன்னால் வைப்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. “ஹெர் ஐஸ் க்ளோஸ்ட், ஷீ லிசன்ட்.” இதைப் படிக்கிறவர் ‘அவள் கண்கள் மூடின’ என்று ஒரு முழு வாக்கியமாகவே எடுத்துக்கொள்வார். கமாவைத் தாண்டியதும் ‘ஷீ’ வர, திரும்பிப் போய் மறுபடி படிக்க வேண்டும். ‘க்ளோஸ்ட்’ என்பது இறந்தகால வினைமுற்றாகவும் இருக்கும், பார்ட்டிசிப்பிளாகவும் இருக்கும், அதனால் வரும் குழப்பம். ‘டோர்ன்’, ‘ப்ரோக்கன்’ போன்ற சொற்களில் இந்தத் தொல்லை இல்லை, இறந்தகாலம் வேறு வடிவம் என்பதால். நான் இப்போது ‘எட்’டில் முடியும் துண்டுகளைப் பெரும்பாலும் வாலுக்கு அனுப்பிவிடுகிறேன்: “ஷீ லிசன்ட், ஹெர் ஐஸ் க்ளோஸ்ட்.”

வாலிலும் ஒரு முறை சறுக்கினேன். “ஷீ வாட்ச்ட் ஹெர் மதர், ஹெர் ஹேண்ட்ஸ் ஷேக்கிங்.” யாருடைய கை? மகளுடையது என்று நினைத்து எழுதினேன்; பக்கத்தில் இருக்கும் அம்மாவுடையது என்று எடிட்டர் படித்தார். இரண்டு பேர் ஒரே வாக்கியத்தில், இருவருக்கும் ‘ஹெர்’ என்றால், துண்டை எழுவாயின் பக்கத்திற்கு, அதாவது முன்னால் நகர்த்துவதே நல்லது.

கமா விஷயம் சின்னது, ஆனால் விடாமல் துரத்தும். “தி கெஸ்ட்ஸ், ஹேவிங் லெஃப்ட், வீ லாக்ட் தி டோர்” என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் கமா போட்டுவிட்டால், ‘கெஸ்ட்ஸ்’ வினைமுற்று இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். துண்டு முழுவதும் முடிந்த பிறகுதான் கமா.

அப்புறம் என் போதைக் காலம். கற்றுக்கொண்ட ஆறு மாதத்துக்குள் அப்சல்யூட் இல்லாத பத்தியே என்னிடம் கிடையாது. கண்கள் பளபளக்க, உதடுகள் துடிக்க, நெஞ்சு படபடக்க, விரல்கள் பின்ன… பிரதி திரும்பியபோது ஓரத்தில் எழுதியிருந்தது இதுதான்: இந்தக் கதையில் ஏன் இத்தனை உடல் உறுப்புகள்? நியாயமான கேள்வி. எண்ணிப் பார்த்தேன், ஒரே பக்கத்தில் ஒன்பது. வித்துக்குப் பதில் வேறு ஒரு வித்தை, அவ்வளவுதான்.

அதற்கு நான் கண்டுபிடித்த கை வைத்தியம் இரண்டு. ஒன்று, ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் எது நெஞ்சு படபடப்பு வகை என்று பார்த்து அதை முதலில் வெட்டுவது. நெஞ்சு படபடக்கும் என்பது வாசகருக்கே தெரியும். இன்னொன்று, உறுப்பை விட்டுவிட்டு அறையில் உள்ள பொருளுக்குப் போவது. “ஹீ வாக்ட் அவுட், தி டோர் ஸ்விங்கிங் பிஹைண்ட் ஹிம்.” அவன் போய்விட்டான், கதவு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவன் உதட்டைக் காட்டியிருந்தால் இவ்வளவு கோபம் தெரிந்திருக்காது.

‘வித்’தை முழுக்க ஒதுக்கியதும் தப்புதான் என்று பின்னால் புரிந்தது. “வித் ஹெர் ஐஸ் க்ளோஸ்ட்” என்பதையும் அப்சல்யூட்டின் ஒரு வகையாகவே சேர்க்கிற இலக்கணக்காரர்கள் உண்டு. பேச்சுக்கு அதுதான் நெருக்கம். ஒரு கதாபாத்திரம் தன் வாயால் சொல்லும் வரியில் ‘வித்’ இருந்தால் ஆள் பேசுவதுபோல் இருக்கும், அது இல்லாமல் அப்சல்யூட் மட்டும் இருந்தால் ஆள் எழுதிவைத்து வாசிப்பதுபோல் இருக்கும். அலுவலக அழைப்பு ஒன்றில் “தி அதர்ஸ் ஹேவிங் லெஃப்ட், ஐ டெஸ்டட் இட் அலோன்” என்று நான் சொல்ல, எதிர்முனையில் இரண்டு நொடி மௌனம். பேச்சில் ஓடுவதெல்லாம் உறைந்துபோன சில சொற்றொடர்கள்: ‘வெதர் பெர்மிட்டிங்’, ‘காட் வில்லிங்’, ‘ஆல் திங்ஸ் கன்சிடர்ட்’, ‘தட் செட்’. இவை அப்சல்யூட் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குப் புழங்கித் தேய்ந்தவை.

அலுவலகம் என்றதும் ஞாபகம் வருகிறது, பெரிய தப்பு நடந்தது அங்கேதான். இரவுப் பழக்கம் பகலுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கையேட்டு வரைவில் இப்படி எழுதினேன்:

“தி பவர் சப்ளை பீயிங் டிஸ்கனெக்டட், தி கவர் மே பி ரிமூவ்ட்.”

படித்துப் பார்க்க வந்த டெக்னீஷியன் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார், “மின்சாரம் ஏற்கெனவே துண்டிச்சிருக்குமா சார், இல்ல நான்தான் துண்டிக்கணுமா?” எனக்கு உடம்பு சில்லிட்டது. துண்டித்த பிறகு, துண்டித்திருப்பதால், துண்டித்திருந்தால், மூன்று விதமாகவும் அந்த வரியைப் படிக்கலாம். அப்சல்யூட் எந்த இணைப்பையும் சொல்வதில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். கை நடுங்கும் பெண்ணுக்கு அது அழகு. மூடியைக் கழற்றுகிறவருக்கு ஆபத்து. “டிஸ்கனெக்ட் தி பவர் சப்ளை. தென் ரிமூவ் தி கவர்” என்று அங்கேயே மாற்றினேன்.

இந்த நழுவல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் இருக்கிறது. 1791இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பாதி ஓர் அப்சல்யூட்: “எ வெல் ரெகுலேட்டட் மிலிஷியா, பீயிங் நெசசரி டு தி செக்யூரிட்டி ஆஃப் எ ஃப்ரீ ஸ்டேட்”. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமாக இருக்க, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது என்பது மொத்த வாக்கியம். அந்த ‘இருக்க’ என்ன சொல்கிறது? இருப்பதால் என்றா, இருக்கும் வரைக்கும் என்றா, சும்மா முன்னுரையா? 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் 5க்கு 4 என்று பிரிந்து, முதல் பாதி நோக்கத்தை அறிவிக்கும் முன்னுரை, அது இரண்டாம் பாதியைக் குறுக்காது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் மொழியியலாளர்கள் சிலர், இது அப்சல்யூட் அமைப்பு, அதன் பொருளை ஒதுக்கிவிட முடியாது என்று நீதிமன்றத்தில் மனு கொடுத்திருந்தார்கள். ‘மிலிஷியா’வுக்குப் பின்னால் ஒரு கமா இருக்கிறது, பாருங்கள். இன்றைய எடிட்டரிடம் போயிருந்தால் அதற்கும் ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

இப்போது என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது. தமிழ் வரியை ஒரு முறை சத்தமாகப் படிப்பேன். ‘செய’ வந்தால் நோக்கமா, காரணமா, வெறும் நேரமா என்று பார்ப்பேன். மூன்றும் இல்லை, ஆளின் உறுப்போ பக்கத்துப் பொருளோ என்றால் இரண்டு குட்டி ஆங்கில வாக்கியங்களாக எழுதி, இரண்டாவதில் ‘வேரை’ அடிப்பேன். பிறகு வாலில் வைத்துப் படித்துப் பார்ப்பேன். இழுக்கிற மாதிரி இருந்தால் இரண்டு வாக்கியமாகவே விட்டுவிடுவேன், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

போன வாரம் ஒரு கதையில் “மூச்சு வாங்கப் படியேறி வந்தான்” என்று வந்தது. உறுப்பு மாதிரிதான், அதே கணம்தான், எல்லாச் சோதனையிலும் தேறியது. “ஹிஸ் ப்ரெத் கமிங் இன் காஸ்ப்ஸ்” என்று எழுதிவைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் மலிவு நாவல்களில் மூச்சு வாங்கி ஓய்ந்த துண்டு அது. ‘மூச்சு வாங்க’ தமிழில் ஒரு படமே இல்லை, தேய்ந்து ஒற்றைச் சொல்லாகிவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. “ஹீ கேம் பேன்டிங் அப் தி ஸ்டெப்ஸ்” என்று மாற்றி அனுப்பினேன். பிரதி இன்னும் திரும்பி வரவில்லை.